கீழே குடியிருப்பவர்கள்

கூரைக்கென்று சேர்த்த பணத்தில்
ஒரு படகு வாங்கி வந்து நிறுத்திய ஆகஸ்டில்
தலையணையை அக்குளில் இடுக்கிக்கொண்டு
நிலவறைக்குப் போனான் வெண்டல்.
பதின்மூன்று படி.
நான் தடுக்கவில்லை.

பிட்ஸ்பர்க்கின் பழைய வீடுகளில்
நிலவறையின் நட்டநடுவே
சுவரில்லாமல், கதவில்லாமல்
ஒரு கழிப்பறைக் கோப்பை நிற்கும்.
ஆலையிலிருந்து வந்தவர்கள்
கரியைக் கீழேயே கழுவிவிட்டு ஏறட்டும் என்று
யாரோ வைத்தது என்பார்கள்.
அதற்குப் பக்கத்தில் மடக்குக் கட்டில் போட்டுக்கொண்டு
ராஜா மாதிரி இருக்கிறேன் என்று
மகளிடம் போனில் சொன்னான்.
வெப்பக் குழாய் வழியே
எனக்கும் சொன்னான்.

அக்டோபரில் முதல் குளிர் இறங்கியது.
எட்டுக்கால் பூச்சிகள் உள்ளே வந்தன.
ஒன்று அவன் காதோரம் நடந்தது போல.
ஆறடி இரண்டங்குல மனிதன்
பாதிப் படியில் நின்று
ஏழு வாரத்துக்குப் பிறகு
என் பெயரைக் கூப்பிட்டான்:
"லொரெய்ன்."

மருந்து அடிக்க முடியாது.
இருபத்தாறு வருடம்
கோக் சூளையின் தலைமேல் நின்ற நுரையீரல்.
போன வருடம் எறும்புக்கு அடித்த அன்று தொடங்கி
மூன்று இரவு உட்கார்ந்தே தூங்கினான்.

ஆகவே நானே இறங்கினேன்,
தலையில் துண்டு, கையில் வாக்குவம் கிளீனர்.
சமாதானத்துக்கு இல்லை. வேலைக்கு.

அட்டைப் பெட்டிகளைக் காலி செய்தேன்.
மகளின் பனிச்சறுக்குக் காலணிகள்,
என் அம்மாவின் வரிச் சீட்டுகள்,
எதற்கென்றே தெரியாத பதினான்கு சாவிகள்
எல்லாம் மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாக்களுக்கு மாறின.
ஒட்டடைகளை உறிஞ்சினேன்,
பஞ்சுருண்டை போன்ற முட்டைப் பைகளோடு.
கொஞ்சம் உறுத்தியது. செய்தேன்.

பக்கத்து வீட்டு டெல்ஃபின் கொடுத்த
புதினா எண்ணெயை நீரில் கலக்கி மூலைகளில் தெளித்தேன்.
நிலவறையெங்கும் கிறிஸ்துமஸ் மிட்டாய் வாசனை.
ஒரு சிலந்தி அந்த ஈரத்தின் மேலேயே
நிதானமாக நடந்து போனது,
விருந்துக்கு வந்தது போல.

வாசல் விளக்குக்கு மஞ்சள் பல்பு மாற்றினேன்.
ஈசல் வராத இடத்தில்
சிலந்திக்கு என்ன வியாபாரம்?

நான்காம் நாள்தான் கவனித்தேன்.
ஜன்னல் சாத்தியிருந்தது.
வாக்குவம் அணைந்திருந்தது.
ஆனாலும் மூலையில் புதிதாய்க் கட்டிய வலை
ஆடிக்கொண்டிருந்தது.
விரலை எச்சில் படுத்தி நீட்டினேன்.
குளிர்ந்தது.

அடுத்த வலை. அங்கேயும்.
அடுத்தது எரிவாயுக் குழாய் நுழையும் துளையில்.
காற்று வரும், காற்றோடு கொசு வரும்,
அந்த வழி பார்த்துக் கடை விரித்திருக்கிறார்கள்.
முப்பத்தொரு வருடமாக இந்த வீட்டுக்கு
வெப்பக் கட்டணம் கட்டுகிறவள் நான்.
எங்கே ஒழுகுகிறது என்று
ஒரே பருவத்தில் கண்டுபிடித்துவிட்டன
இந்த ஊமைகள்.

சாக்பீஸால் வட்டம் போட்டேன். பதினொன்று.
அடைப்பு பசைக் குழாயைத் துப்பாக்கியில் மாட்டி
"டார்ச்சை இப்படிப் பிடி" என்றேன்.
பிடித்தான்.
அவன் கை கொஞ்சம் நடுங்கியது,
வெளிச்சமும்.

ஆறாவது வட்டத்தில் கேட்டான்:
"கூரையில் எத்தனை இருக்கும்?"
"படகை விற்றுவிட்டு
ஏறி எண்ணு."
சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது.
இருமலாகவும் இருக்கலாம்.

பத்து வட்டம் அடைத்தாயிற்று.
பதினொன்றாவது
அவன் தலையணைக்கு நேர் மேலே,
செங்கல்லும் உத்தரமும் சேரும் இடத்தில்,
நகக்கண் அளவு திறப்பு.
வெளிறிய காலோடு ஒரு சின்னது
உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தது.

"பசை தீர்ந்துபோச்சு" என்றேன்.
குழாயில் கால்வாசி இருந்தது.
ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

"நாளைக்கு?" என்றான்.

"கடை திறந்திருந்தால்."

படியேறி, மேலே விளக்கின் ஸ்விட்சில் கை வைத்து
ஒருமுறை திரும்பினேன்.
வெண்டல் போர்வையைக் காதுவரை இழுத்துக்கொண்டிருந்தான்.
நான் அவனைப் பார்க்கவில்லை,
அவனுக்கு மேலே பார்த்து
லேசாகத் தலையசைத்துவிட்டு
அணைத்தேன்.